அப்டேட் போட்டதும் சர்வர் கான்ஃபிக் மாறிவிடுகிறதே, ஏன்? எப்படித் தடுப்பது?

கேள்வி இது: உபுண்டு சர்வர் ஒன்றில் ஏபிடி அப்கிரேடு ஓட்டியபின் வெப் சர்வரான என்ஜின்எக்ஸில் அப்லோடு வரம்பு பழையபடி 1 எம்பிக்கு வந்துவிட்டது, பெரிய கோப்பு அனுப்பினால் 413 பிழை. இன்னொரு சர்வரில் மூடிவைத்திருந்த எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) பாஸ்வேர்டு லாகின் திறந்து கிடக்கிறது. கை வைத்து மாற்றிய கோப்புகளை அப்டேட் ஏன் அழிக்கிறது? இனி நடக்காமல் இருக்க என்ன செய்வது?

முதலில் ஒன்று. டெபியன், உபுண்டு, ரெட் ஹாட், ஃபெடோரா, ஆர்ச் எதுவானாலும் பேக்கேஜ் மேனேஜர் (மென்பொருளை நிறுவிப் புதுப்பிக்கும் கருவி) கான்ஃபிக் கோப்பை, அதாவது அமைப்புகள் எழுதியிருக்கும் கோப்பை, கண்ணை மூடிக்கொண்டு அழிப்பது அபூர்வம். அது கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்கிறது. அந்தக் கணக்கு தெரிந்துவிட்டால், எந்தக் கோப்பு தப்பிக்கும், எது மாட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

டெபியன் குடும்பத்தில் இந்த வேலையைச் செய்வது ஏபிடி அல்ல, அதற்கு அடியில் இருக்கும் டிபிகேஜி. ஒவ்வொரு பேக்கேஜும் தன் கோப்புகளில் எவை கான்ஃபிக் என்று ஒரு பட்டியல் கொண்டு வருகிறது. கான்ஃபிக் கோப்புகளின் இருப்பிடமான /ஈடிசி-க்குள் நிறுவப்படும் கோப்புகள் பொதுவாக இந்தப் பட்டியலில் தானாகவே சேர்ந்துவிடும். பேக்கேஜ் கொண்டுவந்த மூலக் கோப்பின் எம்டி5 கூட்டை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) டிபிகேஜி குறித்து வைத்துக்கொள்ளும். அப்கிரேடு வரும்போது மூன்றை ஒப்பிடும்: முன்பு வந்த மூலம், இப்போது வந்திருக்கும் புது மூலம், டிஸ்கில் இருக்கும் உங்கள் கோப்பு.

பழைய மூலமும் புது மூலமும் ஒன்றே என்றால், உங்கள் கோப்பில் நீங்கள் என்ன எழுதியிருந்தாலும் அது தொடாது, கேட்கவும் செய்யாது. மூலம் மாறியிருக்கிறது, நீங்கள் தொடவில்லை என்றால், சத்தமில்லாமல் புதியதைப் போட்டுவிடும். இரண்டு பக்கமும் மாறியிருந்தால் மட்டுமே நிறுத்தி உங்களைக் கேட்கும். ஐந்து அப்டேட்டுக்கு ஒன்றும் ஆகாமல் ஆறாவதில் மட்டும் கேள்வி எழுவது இதனால்தான். அந்த ஆறாவது பதிப்பில் பேக்கேஜ்காரர்கள் மூலக் கோப்பில் கை வைத்திருக்கிறார்கள். ஒரு கமென்ட் வரியைத் திருத்தியிருந்தாலும் கூட்டு மாறிவிடும், கேள்வி வந்துவிடும்.

அந்தக் கேள்வியைப் பலரும் படிக்காமலே கடந்துவிடுகிறார்கள். கோப்பின் முழுப் பாதையைச் சொல்லி, நிறுவியபின் இதை நீங்களோ ஒரு ஸ்கிரிப்டோ மாற்றியிருக்கிறீர்கள், பேக்கேஜும் புதுப் பதிப்பு அனுப்பியிருக்கிறது, என்ன செய்யட்டும் என்று கேட்கும். ஒய் (Y) அல்லது ஐ (I) அழுத்தினால் புதியது வரும். என் (N) அல்லது ஓ (O) அழுத்தினால் உங்களுடையது இருக்கும். டி (D) அழுத்தினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். இசட் ஒரு ஷெல்லைத் திறந்து கொடுக்கும். வெறுமனே என்டர் தட்டினால் உங்களுடையதுதான் இருக்கும். சிக்கல், ‘தொடரலாமா’ என்று ஏபிடி கேட்டதற்கு ஒய் அடித்த விரல் அதே வேகத்தில் இதற்கும் ஒய் அடித்துவிடுவதில் இருக்கிறது. முதல் ஒய்க்கு ‘சரி, நடக்கட்டும்’ என்று பொருள். இரண்டாவது ஒய்க்கு ‘என் கோப்பைத் தூக்கிவிட்டு உன்னுடையதைப் போடு’ என்று பொருள். 1 எம்பிக்குத் திரும்பிய என்ஜின்எக்ஸ் பெரும்பாலும் இந்த வழியில்தான் போயிருக்கும். வரம்பு எங்கும் எழுதப்படாவிட்டால் என்ஜின்எக்ஸ் எடுத்துக்கொள்ளும் அளவே 1 எம்பிதான்.

நல்லவேளையாக, எது தோற்றதோ அதை டிபிகேஜி தூக்கி எறிவதில்லை. புதியதை ஏற்றிருந்தால் உங்களுடையது .டிபிகேஜி-ஓல்டு என்ற வாலோடு அதே இடத்தில் இருக்கும். உங்களுடையதை வைத்துக்கொண்டிருந்தால் புதியது .டிபிகேஜி-டிஸ்ட் என்று பக்கத்தில் கிடக்கும். ஆனால் ஒரு தலைமுறைதான். அடுத்த முறையும் இதே நடந்தால் பழைய வால் கோப்பின் மேலேயே புதியது எழுதப்படும். அதனால் மீட்பதை ஆறப்போடாதீர்கள்.

யார் மாற்றியது என்று முதலில் பாருங்கள்

கோப்பு மாறியிருக்கிறது என்றதும் அப்டேட் மேல் பழி போடுவது சுலபம். /வார்/லாக்/டிபிகேஜி.லாக் கோப்பைத் திறந்து ‘கான்ஃப்ஃபைல்’ என்ற சொல்லைத் தேடுங்கள். கேள்வி கேட்ட ஒவ்வொரு இடத்துக்கும் தேதி, நேரம், கோப்பின் பாதை, கடைசியில் ‘இன்ஸ்டால்’ அல்லது ‘கீப்’ என்று ஒரு வரி இருக்கும். ‘இன்ஸ்டால்’ என்றிருந்தால் புதியது வந்திருக்கிறது. ‘கீப்’ என்றிருந்தால் அப்டேட் உங்கள் கோப்பைத் தொடவில்லை. திரையில் அன்று என்ன ஓடியது என்று பார்க்க /வார்/லாக்/ஏபிடி/டெர்ம்.லாக் இருக்கிறது. ரெட் ஹாட், ஃபெடோராவின் பேக்கேஜ் கருவியான ஆர்பிஎம் பக்கம் டிஎன்எஃப் லாக்கில் இந்தக் கோப்பு இந்தப் பெயரில் உருவாக்கப்பட்டது என்ற எச்சரிக்கை வரி இருக்கும்.

லாக்கில் எதுவுமே இல்லையென்றால் குற்றவாளி வேறு. டிஎன்எஸ் அமைப்பு இருக்கும் ரிசால்வ்.கான்ஃப் மாறியிருந்தால் பெரும்பாலும் நெட்வொர்க்மேனேஜர், சிஸ்டம்டி-ரிசால்வ்டு, டிஹெச்சிபி கிளையண்ட் இவற்றில் ஒன்று. கிளவுட் சர்வரில் ஹோஸ்ட்ஸ் கோப்பும் ஹோஸ்ட்நேமும் ரீபூட்டுக்குப் பின் பழையபடி ஆனால் கிளவுட்-இனிட் (கிளவுட் சர்வரைத் தொடக்கத்தில் அமைத்துத் தரும் கருவி). ஹோஸ்டிங் கன்ட்ரோல் பேனல் வைத்திருந்தால் அது தன் டெம்ப்ளேட்டிலிருந்து கோப்புகளைத் திரும்பத் திரும்ப எழுதும். அங்கே டெம்ப்ளேட்டைத்தான் மாற்ற வேண்டும். சர்வர் அமைப்புகளைத் தானாக எழுதும் பப்பெட், ஆன்சிபிள் ஓடும் இடங்களிலும் இதே கதை. கோப்பின் முதல் நான்கு வரிகளைப் படியுங்கள். இதைக் கையால் மாற்றாதே என்ற எச்சரிக்கை பெரும்பாலும் அங்கேயே இருக்கும். நாம்தான் கீழே உருட்டிக்கொண்டு போய்விடுகிறோம்.

இப்போது என்னென்ன கோப்புகள் மூலத்திலிருந்து விலகியிருக்கின்றன என்று ஒட்டுமொத்தமாகப் பார்க்க:

டிபிகேஜி --வெரிஃபை

வரும் வரிகளில் சிறிய சி எழுத்து இருப்பவை கான்ஃபிக் கோப்புகள். டெப்சம்ஸ் என்ற தனிப் பேக்கேஜ் போட்டுக்கொண்டால், கான்ஃபிக் மட்டும், மாறியவை மட்டும் என்று வடிகட்டிக் காட்டும். ஆர்பிஎம்மில்:

ஆர்பிஎம் --வெரிஃபை --ஆல்

அதில் ஒரு வரி ‘எஸ்.5....டி.’ என்று தொடங்கி, பிறகு ‘சி’, பிறகு கோப்பின் பாதை என்று வரும். எஸ் என்றால் அளவு மாறியிருக்கிறது, 5 என்றால் உள்ளடக்கத்தின் கூட்டு மாறியிருக்கிறது, டி என்றால் திருத்திய நேரம் மாறியிருக்கிறது. டி மட்டும் தனியாக இருந்தால் யாரோ திறந்து, மாற்றாமல் சேமித்து மூடியிருக்கிறார்கள், கவலைப்பட ஒன்றுமில்லை. இந்தப் பட்டியலை அப்கிரேடுக்கு முன்பே ஒரு முறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதில் இருக்கும் ஒவ்வொரு கோப்பும் என்றாவது ஒருநாள் மோதக்கூடிய கோப்பு.

எஸ்எஸ்ஹெச் விஷயம் ஏன் வேறு மாதிரி

டெபியன், உபுண்டுவில் எஸ்எஸ்ஹெச் சர்வரின் எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக் கோப்பை டிபிகேஜி நேரடியாகக் கவனிப்பதில்லை. யுசிஎஃப் என்ற துணைக் கருவி கவனிக்கிறது. பூட் லோடரான க்ரப்பின் /ஈடிசி/டிஃபால்ட்/க்ரப், பிஹெச்பியின் பிஹெச்பி.இனி ஆகியவையும் அதன் கையில்தான். கணக்கு ஏறக்குறைய ஒன்றேதான், ஆனால் வால் வேறு: .யுசிஎஃப்-டிஸ்ட், .யுசிஎஃப்-ஓல்டு. கேள்வியும் நீலத் திரையில் பட்டியலாக வரும். டிபிகேஜி-ஓல்டு மட்டும் தேடிவிட்டு ‘பேக்கப் இல்லை’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

பாஸ்வேர்டு லாகின் திறந்துகொண்டதற்கான காரணம் இன்னும் நுணுக்கமானது. ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.2 பதிப்பிலிருந்து ‘இன்க்ளூடு’ என்ற வசதி இருக்கிறது. அதன்பின் வந்த டெபியன், உபுண்டு மூலக் கோப்புகளில் மேல் பகுதியிலேயே எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்.டி என்ற டைரக்டரியில் உள்ள .கான்ஃப் கோப்புகளை உள்ளிழுக்கும் வரி வருகிறது. எஸ்எஸ்ஹெச்டி ஒரு அமைப்பை எங்கே முதலில் பார்க்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளும். பிறகு எத்தனை முறை எழுதினாலும் கண்டுகொள்ளாது. கிளவுட் சர்வர்களில் அந்த டைரக்டரியில் கிளவுட்-இனிட் எழுதிய 50-கிளவுட்-இனிட்.கான்ஃப் கோப்பு இருக்கலாம். அதில் பாஸ்வேர்டுஆதென்டிகேஷன் யெஸ் என்று இருக்கலாம். உங்கள் பழைய முதன்மைக் கோப்பில் இன்க்ளூடு வரியே இல்லாதவரை அது செத்த எழுத்து. புது மூலத்தை ஏற்ற நொடியில் உயிர் வந்துவிடும். அதன்பின் முதன்மைக் கோப்பின் நடுவில் போய் ‘நோ’ என்று மறுபடி எழுதினாலும் பயனில்லை, மேலே இருப்பது முந்திக்கொண்டுவிட்டது.

எதிர்ப்பக்கமும் உண்டு. எப்போதும் பழைய கோப்பையே வைத்துக்கொண்டு வந்தவரின் முதன்மைக் கோப்பில் இன்க்ளூடு வரி இருக்காது. அவர் எங்கோ படித்துவிட்டு எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்.டி-க்குள் அழகாக ஒரு கோப்பு எழுதிவைப்பார். சர்வர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் கோப்பைப் படித்து ஊகிப்பதை விட்டுவிட்டு, சர்வரையே கேட்பது நல்லது:

எஸ்எஸ்ஹெச்டி -டி

இங்கே சின்ன டி (t), பெரிய டி (T) வித்தியாசம் முக்கியம்; மேலே இருப்பது பெரிய டி. சின்ன டி எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் சோதிக்கும். பிழை இல்லையென்றால் எதுவும் சொல்லாது. பெரிய டி, எல்லாக் கோப்புகளையும் சேர்த்துப் படித்தபின் கடைசியில் எந்த மதிப்பு நிற்கிறது என்று பட்டியல் போடும். அதில் பாஸ்வேர்டுஆதென்டிகேஷன் வரியைப் பாருங்கள். அப்டேட் முடிந்ததும் செய்ய வேண்டிய முதல் சோதனை இதுதான். இரண்டாவது, இருக்கும் லாகினை மூடாமல், வேறொரு டெர்மினலில் புதிதாக உள்ளே நுழைந்து பார்ப்பது. எஸ்எஸ்ஹெச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் செஷன் அறுந்துபோகாது. அதுதான் உங்கள் கயிறு. புதிய லாகின் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கும்வரை விட்டுவிடாதீர்கள்.

ரெட் ஹாட், ஃபெடோரா வகையில்

ஆர்பிஎம் கேள்வியே கேட்காது. பேக்கேஜைக் கட்டியவர் ஸ்பெக் கோப்பில் (பேக்கேஜ் கட்டும் குறிப்பு) என்ன குறித்தாரோ அதுதான் சட்டம். ‘கான்ஃபிக் நோரீப்ளேஸ்’ என்று குறித்திருந்தால், இரு பக்கமும் மாறியிருக்கும்போது உங்கள் கோப்பு நிற்கும், புதியது .ஆர்பிஎம்நியூ என்று பக்கத்தில் வரும். வெறும் ‘கான்ஃபிக்’ என்று மட்டும் குறித்திருந்தால் புதியது உள்ளே போய்விடும், உங்களுடையது .ஆர்பிஎம்சேவ் ஆகிவிடும். எந்தக் குறியும் இல்லாத கோப்பு என்றால் பேக்கப்புகூட இல்லாமல் போய்விடும். ஒரு பேக்கேஜின் கான்ஃபிக் கோப்புகள் எவை என்று ‘ஆர்பிஎம் -க்யூசி’ கொடுத்துப் பேக்கேஜ் பெயரைச் சொன்னால் தெரியும். அந்தப் பட்டியலில் இல்லாத கோப்பைத் திருத்தியிருந்தால், அது அடுத்த அப்டேட்வரை மட்டுமே உங்களுடையது.

இன்னொரு பெரிய வேறுபாடு, நீக்கிய கோப்புகள். டெபியனில் ஒரு கான்ஃபிக் கோப்பை நீக்கினால், ‘நிர்வாகி வேண்டாம் என்கிறார்’ என்று டிபிகேஜி எடுத்துக்கொள்ளும், அடுத்த அப்டேட்டில் திரும்பக் கொண்டுவராது. (திரும்ப வேண்டுமென்றால் --ஃபோர்ஸ்-கான்ஃப்மிஸ் கொடுத்து மறுபடி நிறுவ வேண்டும். இது தெரியாமல் பேக்கேஜை மூன்று முறை நீக்கி நீக்கி நிறுவுகிறவர்கள் உண்டு.) ஆர்பிஎம்மில் நீக்கிய கோப்பு அடுத்த அப்டேட்டில் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்பாச்சியின் வெல்கம்.கான்ஃப், எஸ்எஸ்எல்.கான்ஃப் இரண்டும் இதற்குப் பேர்போனவை. எஸ்எஸ்எல்.கான்ஃப் வேண்டாம் என்று நீக்கிவிட்டு 443 போர்ட்டுக்கு வேறு கோப்பில் லிசன் வரி எழுதியிருப்பீர்கள்; அப்டேட் வந்ததும் அதே போர்ட்டை இரண்டு பேர் கேட்க, அப்பாச்சியின் சர்வீஸான ஹெச்டிடிபிடி எழுந்திருக்காது. தீர்வு எளிது: நீக்காதீர்கள், உள்ளே இருப்பதைக் காலி செய்துவிட்டு அல்லது கமென்ட் ஆக்கிவிட்டு கோப்பை அப்படியே விடுங்கள். அப்போது அது ‘மாற்றப்பட்ட கோப்பு’ ஆகிவிடும், ஆர்பிஎம் மதிக்கும்.

ஆர்ச்சில் பேக்மேன் .பேக்நியூ கோப்பைப் போட்டுவிட்டு ஒரு வரி எச்சரிக்கையோடு போய்விடும். பேக்டிஃப் என்ற கருவியால் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஃபெடோரா, ரெட் ஹாட்டில் இதே வேலைக்கு ஆர்பிஎம்கான்ஃப். ஆல்பைனில் .ஏபிகே-நியூ. பெயர் வேறு, பிழைப்பு ஒன்று.

நிரந்தர வழி: வந்த கோப்பைத் தொடாதீர்கள்

கணக்கை மறுபடி பாருங்கள். நீங்கள் தொடாத கோப்பில் மோதலே கிடையாது. பேக்கேஜில் இல்லாத கோப்பைப் பேக்கேஜ் மேனேஜர் அறியவே அறியாது. ஆகவே உங்கள் மாற்றங்கள் எல்லாம் உங்களுடைய தனிக் கோப்பில் இருந்தால் கேள்வியும் வராது, அழிவும் வராது. இதற்காகத்தான் பெரும்பாலான சர்வீஸ்களில் .டி என்று முடியும் டைரக்டரிகள் இருக்கின்றன.

என்ஜின்எக்ஸில் 50 எம்பி வரம்பு வேண்டுமென்றால் என்ஜின்எக்ஸ்.கான்ஃப் உள்ளே எழுத வேண்டாம். கான்ஃப்.டி டைரக்டரியில் லோக்கல்.கான்ஃப் என்று ஒரு கோப்பு, அதில் ஒரே வரி:

கிளையண்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் 50எம்;

டெபியன் மூலக் கோப்பில் ஹெச்டிடிபி பிளாக்கின் உள்ளேதான் கான்ஃப்.டி இழுக்கப்படுகிறது, அதனால் எல்லா சைட்டுக்கும் இது பொருந்தும். ஒரு எச்சரிக்கை: முதன்மைக் கோப்பின் ஹெச்டிடிபி பிளாக்கிலும் இதே வரி இருந்தால் என்ஜின்எக்ஸ் ‘டூப்ளிகேட்’ என்று சொல்லிக் கிளம்ப மறுக்கும். பழையதை எடுத்துவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும். வைத்ததும் ‘என்ஜின்எக்ஸ் -டி’ (சின்ன t), சரி என்று வந்தபின் ரீலோடு.

என்ஜின்எக்ஸ் விஷயத்தில் இன்னொரு பொறி. டிஸ்ட்ரோவின் பேக்கேஜ் வேறு, என்ஜின்எக்ஸ் திட்டமே தன் களஞ்சியத்தில் தரும் பேக்கேஜ் வேறு. பின்னதன் மூலக் கோப்பில் சைட்ஸ்-எனேபிள்டு டைரக்டரிக்கு இன்க்ளூடு வரி கிடையாது; கான்ஃப்.டி மட்டும்தான். ஓடும் யூசரும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா அல்ல, என்ஜின்எக்ஸ். புதுப் பதிப்பு வேண்டும் என்று அந்தக் களஞ்சியத்தைச் சேர்த்துவிட்டு, கேள்விக்கு ஒய் அடித்தால், சைட் கோப்புகள் எல்லாம் அப்படியே இருந்தும் எந்த சைட்டும் வராது. அங்கே கோப்பைத் தேடிப் பயனில்லை. இன்க்ளூடு வரியைத்தான் தேட வேண்டும்.

சைட்ஸ்-எனேபிள்டு பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே இன்க்ளூடு வரி நட்சத்திரக் குறியோடு இருக்கிறது, .கான்ஃப் என்ற நிபந்தனை இல்லை. ‘டிஃபால்ட்.பேக்கப்’ என்று நீங்கள் அங்கேயே நகல் எடுத்து வைத்தால் அதையும் சேர்த்துப் படிக்கும். பேக்கப் கோப்பு லைவ் ஆகிவிடும். சுடோயர்ஸ்.டி டைரக்டரியில் நேர்மாறு: பெயரில் புள்ளி இருக்கும் கோப்பை சுடோ படிக்காது. ‘அட்மின்.கான்ஃப்’ என்று பெயர் வைத்துவிட்டு அனுமதி வரவில்லையே என்று உட்கார்ந்திருக்கக்கூடாது.

.டி டைரக்டரிகளில் எண் வைப்பதிலும் ஒரு சூட்சுமம். எஸ்எஸ்ஹெச்டியில் முதலில் வருவது ஜெயிக்கும். அதனால் உங்கள் கோப்புக்கு 10-லோக்கல்.கான்ஃப் போல் சிறிய எண் வேண்டும். சிஸ்சிடிஎல்.டி, பிஹெச்பியின் கான்ஃப்.டி, மரியாடிபியின் மரியாடிபி.கான்ஃப்.டி ஆகியவற்றில் கடைசியில் வருவது ஜெயிக்கும், அங்கே 99. எல்லா இடத்திலும் 99 வைக்கும் பழக்கம் இருந்தால், பாஸ்வேர்டு லாகினை மூடும் அந்த ஒரு கோப்பு மட்டும் வேலை செய்யாமல் போகும். மூட மறக்கக்கூடாததும் அதுதான்.

சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டியின் யூனிட் கோப்புகளில்தான் அழிவு அதிகம் நடக்கிறது. /யுஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம் உள்ளே இருப்பவை கான்ஃபிக் கணக்கிலேயே வராது. அங்கே திருத்தினால் அடுத்த அப்டேட்டில் சுவடே இல்லாமல் போகும். கேள்வி இல்லை, வால் கோப்பு இல்லை. ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ கொடுத்து சர்வீஸ் பெயரைச் சொன்னால், /ஈடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம் கீழே அந்த சர்வீஸுக்கு ஒரு .டி டைரக்டரியும் ஓவர்ரைடு.கான்ஃப் கோப்பும் உருவாகும். மாற்ற வேண்டிய வரிகளை மட்டும் எழுதுங்கள். எக்ஸெக்ஸ்டார்ட் மாற்றுவதாக இருந்தால் முதலில் மதிப்பில்லாத எக்ஸெக்ஸ்டார்ட்= வரி ஒன்று, அடுத்த வரியில் புதிய கட்டளை; இல்லையென்றால் பழையதோடு இரண்டாவதாகச் சேர்ந்து, ‘ஒன்றுக்கு மேல் இருக்கிறது’ என்று சிஸ்டம்டி மறுத்துவிடும். கோப்பை நீங்களே கையால் உருவாக்கினால் டீமன்-ரீலோடு கொடுக்க மறக்காதீர்கள். எந்தெந்த யூனிட்டுக்கு மேலே என்ன மூடியிருக்கிறது என்று சிஸ்டம்டி-டெல்டா ஒரே பார்வையில் காட்டும்.

தானியங்கி அப்டேட்டில் நடப்பது

டெபியன்_ஃப்ரன்டெண்டு=நான்இன்டராக்டிவ் என்று வைத்துவிட்டால் எந்தக் கேள்வியும் வராது என்பது பரவலான தவறான நம்பிக்கை. அது டெப்கான்ஃப் (நிறுவும்போது பேக்கேஜ்கள் கேள்வி கேட்கப் பயன்படுத்தும் கருவி) கேட்கும் கேள்விகளை மட்டுமே அடக்கும். யுசிஎஃப்பும் டெப்கான்ஃப் வழியே கேட்பதால் அதுவும் அடங்கும். டிபிகேஜி கேட்கும் கான்ஃபிக் கேள்விக்கு இந்த மாறி ஒரு பொருட்டே அல்ல. ஸ்கிரிப்டில் உள்ளீடு இல்லாமல் ஓடும்போது, கேள்வி கேட்ட இடத்தில் உள்ளீடு தீர்ந்துவிட்டது என்று பிழை சொல்லி, பேக்கேஜ் பாதி நிறுவிய நிலையில் நின்றுவிடும். அதற்கு டிபிகேஜிக்கே சொல்ல வேண்டும்:

ஏபிடி-கெட் -ஓ டிபிகேஜி::ஆப்ஷன்ஸ்::="--ஃபோர்ஸ்-கான்ஃப்டெஃப்" -ஓ டிபிகேஜி::ஆப்ஷன்ஸ்::="--ஃபோர்ஸ்-கான்ஃப்ஓல்டு" அப்கிரேடு

முதலாவது, இயல்பான தேர்வு இருந்தால் அதை எடு. இரண்டாவது, இல்லையென்றால் பழையதை வைத்துக்கொள். ஆன்சிபிளின் ஏபிடி மாட்யூல் எதுவும் சொல்லாமலே இந்த இரண்டையும் கொடுத்துவிடுகிறது. கான்ஃப்நியூ என்று ஒன்று இருக்கிறது. மனிதர் கண்காணிக்காத சர்வரில் அதைப் போடுவதற்கு நல்ல காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை, கான்ஃபிக் முழுவதையும் வேறு கருவி மறுபடி எழுதித் தருகிறது என்ற ஒரு நிலையைத் தவிர. இன்னொரு சின்ன விஷயம்: சுடோ பெரும்பாலும் சூழல் மாறிகளைத் துடைத்துவிட்டுத்தான் கட்டளையை ஓட்டும். மாறியை சுடோவுக்கு முன்னால் எழுதினால் அது உள்ளே போய்ச் சேராது; சுடோவுக்குப் பின்னால் எழுதுங்கள்.

அப்டேட்டுகளைத் தானாகவே போடும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் இதில் மிகவும் நாசூக்கானது. ஒரு பேக்கேஜ் கேள்வி கேட்கும் என்று தெரிந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் போடும். கோப்பு பத்திரம்தான். ஆனால் அந்தப் பேக்கேஜின் பாதுகாப்புத் திருத்தமும் வராமல் நிற்கிறது, யாருக்கும் தெரியாமல். அதன் லாக்கில் ‘கான்ஃப்ஃபைல் ப்ராம்ப்ட்’ என்று தேடிப் பாருங்கள். மாதக்கணக்கில் நிற்கும் பேக்கேஜ்கள் கிடைக்கலாம். மேலே சொன்ன இரண்டு ஆப்ஷன்களையும் ஏபிடி.கான்ஃப்.டி-க்குள் ஒரு கோப்பில் எழுதிவைத்தால் இது தீரும்.

சேட்டர் +ஐ (chattr +i) கொடுத்து கோப்பைப் பூட்டிவைக்கச் சொல்லும் ஆலோசனையும் அங்கங்கே உலவுகிறது. வேண்டாம். டிபிகேஜி அந்தக் கோப்பை மாற்ற வேண்டிய கட்டம் வரும்போது அனுமதி இல்லை என்று நடுவழியில் விழும். அதன்பின் எந்தப் பேக்கேஜையும் நிறுவ முடியாமல் அந்தச் சிக்கலை அவிழ்க்க வேண்டியிருக்கும். ஏபிடி-மார்க் ஹோல்டும் கோப்பைக் காப்பாற்றும் வழி அல்ல, பேக்கேஜையே உறைய வைக்கும் வழி.

பழையதை வைத்துக்கொண்டால் வேலை முடிந்ததா?

இல்லை, பாதிதான். மூலக் கோப்பு மாறியதற்கு ஏதோ காரணம் இருந்திருக்கும். புதுப் பதிப்பில் நீக்கப்பட்ட ஒரு அமைப்பு உங்கள் பழைய கோப்பில் இருந்தால் சர்வீஸ் எழுந்திருக்காது. அதனால் அப்டேட் முடிந்ததும் வால் கோப்புகளைத் தேடி எடுக்க வேண்டும். ஃபைண்டு கட்டளையில் /ஈடிசி கீழே டிபிகேஜி-, யுசிஎஃப்-, ஆர்பிஎம்நியூ, ஆர்பிஎம்சேவ் என்ற வால்களைத் தேடுங்கள். ஒவ்வொன்றையும், இரண்டு கோப்புகளை ஒப்பிட்டுக் காட்டும் விம்டிஃபில் திறந்து, புதியதில் வந்திருக்கும் தேவையான வரிகளை உங்களுடையதில் சேர்த்துவிட்டு வால் கோப்பை நீக்குங்கள். நீக்குவது முக்கியம், இல்லையென்றால் அடுத்த ஆண்டு எது பார்த்தது, எது பார்க்காதது என்று தெரியாது.

கோப்பு அப்படியே இருந்தும் அமைப்பு போய்விடும் சந்தர்ப்பங்களும் உண்டு, அவைதான் அதிகம் குழப்பும். டெபியன் 13-இல் சிஸ்டம்டி-சிஸ்சிடிஎல் /ஈடிசி/சிஸ்சிடிஎல்.கான்ஃப் கோப்பைப் படிப்பதில்லை. நீங்கள் எழுதிய கெர்னல் அமைப்புகள் ஒரு எழுத்தும் மாறாமல் அங்கேயே இருக்கும், ரீபூட்டுக்குப் பின் ஒன்றும் அமலில் இருக்காது, சிஸ்சிடிஎல்.டி-க்கு மாற்ற வேண்டும். டெபியன் 12-இல் பிஹெச்பி 8.2, 13-இல் 8.4, கான்ஃபிக் டைரக்டரி பதிப்பு எண்ணோடு தனித்தனி. மெமரி லிமிட் ‘அழிந்துவிட்டது’ என்று தோன்றும், பழைய டைரக்டரியில் பார்த்தால் பத்திரமாக இருக்கும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 15-இலிருந்து 17-க்குப் போவதும் இதே மாதிரி. அங்கே பிஜி_அப்கிரேடுகிளஸ்டர் தரவோடு கான்ஃபிக்கையும் கொண்டுபோகும். ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.8-இல் எஸ்ஹெச்ஏ-1 வழி ஆர்எஸ்ஏ கையொப்பம் இயல்பாகவே அணைக்கப்பட்டது. கோப்பில் ஒன்றும் மாறாமலே பழைய கிளையண்டுகள் உள்ளே வர முடியாமல் போயின.

அப்டேட் போடும் முன்பே என்ன வரப்போகிறது என்று பார்க்க முடியுமா? ஏபிடியின் சிமுலேட் ஆப்ஷன் உதவாது. அது பேக்கேஜைப் பிரிப்பதே இல்லை. ஏபிடி டவுன்லோடு கொடுத்து டெப் கோப்பை இறக்கி, ‘டிபிகேஜி-டெப் -எக்ஸ்’ கொண்டு ஒரு தற்காலிக டைரக்டரியில் பிரித்து, அதற்குள் இருக்கும் ஈடிசியை உங்கள் ஈடிசியோடு டிஃப் எடுங்கள். முக்கியமான ஐந்தாறு பேக்கேஜுக்கு இதைச் செய்தால் போதும். மூலக் கோப்பைத் தொலைத்தவர்களுக்கும் இதே வழிதான்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஈடிசிகீப்பர் இருக்கட்டும். நிறுவினாலே போதும், /ஈடிசி முழுவதையும் கிட் (மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவி) களஞ்சியம் ஆக்கிவிடும். ஏபிடி ஓடும் முன்னும் பின்னும் தானாகவே கமிட் போடும். கிட் மறந்துவிடும் உரிமை, அனுமதி விவரங்களையும் தனிக் கோப்பில் குறித்து வைக்கும். எது எப்போது மாறியது என்று கேட்க இனி லாக்குகளைக் கிளற வேண்டாம், கிட் லாக் போதும். ஒரே நிபந்தனை: அந்தக் களஞ்சியத்தில் பாஸ்வேர்டு விவரம் இருக்கும் ஷேடோ கோப்பும் டிஎல்எஸ் பிரைவேட் கீகளும் இருக்கின்றன. வெளியே எங்காவது புஷ் செய்வதானால் அது முழுக்க உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள இடமாக இருக்க வேண்டும்.

உங்கள் இரண்டு சர்வருக்கும் இப்போது செய்ய வேண்டியது: முதல் சர்வரில் என்ஜின்எக்ஸ்.கான்ஃப்.டிபிகேஜி-ஓல்டு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முழுவதையும் திரும்பப் போடாமல், டிஃப் எடுத்து உங்கள் வரிகளை மட்டும் கான்ஃப்.டி-க்கு மாற்றுங்கள். இரண்டாவதில் பெரிய டி கொடுத்து மதிப்பைப் பார்த்து, எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்.டி-க்குள் 10-லோக்கல்.கான்ஃப் கோப்பில் பாஸ்வேர்டுஆதென்டிகேஷன் நோ எழுதி, சின்ன டியில் சோதித்து, ரீலோடு செய்து, மறுபடி பெரிய டி. கீ வழி லாகின் வேலை செய்கிறது என்று இன்னொரு டெர்மினலில் உறுதி செய்தபின் மூடுங்கள். ரெட் ஹாட் வகை சர்வரில் இதைச் செய்வதானால், ஹோம் டைரக்டரியில் வைத்திருந்த கோப்பை எம்வி கொண்டு நகர்த்தாதீர்கள். எஸ்இலினக்ஸ் (கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) லேபிள் கூடவே வந்து, அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் சர்வீஸால் படிக்க முடியாமல் போகும். நகர்த்திவிட்டிருந்தால் ரெஸ்டோர்கான் ஒரு முறை ஓட்டினால் சரியாகிவிடும்.